ஒரு வீட்டை எண்ணில் எழுதுவது எப்படி: வறுமை ஒழிப்புக் களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினால் மேலூர் தாண்டி கொட்டாம்பட்டி வரும். பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகிற ஊர். 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, அதை முதலில் செய்து பார்த்தது அந்தக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். அப்போது அது மதுரை மாவட்டத்தின் வறண்ட மூலை.

அந்தத் திட்டம் செய்தது எளிமையான ஒரு வேலை. மாதம் ஒருமுறை கைக்குழந்தைகளை எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்தினார்கள். அப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார், எந்தக் கலர் ரேஷன் கார்டு என்பதெல்லாம் கேள்வியே இல்லை. தராசு முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. அந்த எண்ணை எழுதியது அதே ஊர்ப் பெண். பார்த்துக்கொண்டு நின்றது தாய். அடுத்த நாள் யாருக்கு உணவு என்பதை முடிவு செய்ததும் அதே எண்.

வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கும் கொட்டாம்பட்டிப் பிள்ளையின் எடைக்கும் நடுவே இருந்தது ஒற்றை எண். சமூகக் குறிகாட்டி என்பது அதுதான். அலுவலகங்களில் இண்டிகேட்டர் என்பார்கள். சமூகப்பணி படித்துவிட்டுக் களத்துக்கு வருகிற பிள்ளைகள், மகளிர் குழுக் கூட்டமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களில் கணக்கெடுக்கப் போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மதுரையைச் சுற்றி உசிலம்பட்டி, சேடப்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொண்டது இது. என் நம்பிக்கை ஒன்றே. எடுத்த வீட்டுக்கே திரும்பிப் போய் ஏதாவது ஒன்றை மாற்றுகிற எண்தான் எடுக்கத் தகுந்த எண்.

முதலில், உலகம் எந்தக் கோட்டை வைத்துப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு இப்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். 1990-இல் ‘ஒரு நாளைக்கு ஒரு டாலர்’ என்று தொடங்கியது. பிறகு 1.25, 1.90, 2.15 என்று ஏறி 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. இது வங்கியில் மாற்றுகிற டாலர் இல்லை. அமெரிக்காவில் 3 டாலருக்கு வாங்கக்கூடிய பொருளை இங்கே வாங்க எவ்வளவு ரூபாய் வேண்டுமோ, அந்தத் தொகை. வாங்கும் திறன் கணக்கு என்பார்கள். பத்திரிகையில் வரும் டாலர் விலையால் பெருக்கினால் தொகை பல மடங்கு கூடிப்போகும். புதியவர்கள் எல்லாரும் செய்கிற பிழை இது. நானும் செய்திருக்கிறேன்.

கோடு நகர்ந்தால் ஏழைகளின் எண்ணிக்கையும் நகரும். 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து, 2.15 டாலர் கோட்டில் இந்தியாவில் 2.3 சதவீதம் பேர் கடும் வறுமையில் இருப்பதாக உலக வங்கி சொன்னது. அதே ஆண்டுக்கு 3 டாலர் கோட்டில் 5.3 சதவீதம். ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே ஆண்டு. யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் உடனே கேளுங்கள்: எந்தக் கோடு, எந்த ஆண்டு, எந்தக் கணக்கெடுப்பு?

ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17-இல் முதலாவது, 2030-க்குள் கடும் வறுமையை எங்கும் இல்லாமல் செய்வது. 2015 செப்டம்பரில் நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்டது. அந்த ஒரே இலக்குக்குள் மூன்று அளவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன: உலகக் கோடு, அந்தந்த நாட்டின் கோடு, பல பரிமாண வறுமை (பணத்தை விட்டுவிட்டு உடல்நலம், படிப்பு, வீட்டு வசதி என்று பல பக்கத்துக் குறையையும் பார்ப்பது). களத்தில் நம் கைக்கு உதவுவது மூன்றாவதுதான்.

காரணம் எளிது. சேடப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் போய் ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைக் கூலி எப்போது ஏறும் என்று தெரியாது. களையெடுப்பு பத்து நாள் இருக்கும், இருபது நாள் இருக்காது. ஆடு விற்ற காசு வைத்தியத்துக்குப் போயிருக்கும். பூ கட்டிய கூலியை மாமியார் வாங்கியிருப்பார். வட்டிக்கு வாங்கியதை வருமானம் என்று சேர்ப்பதா? அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சங்கடத்தை உலகம் முன்பே உணர்ந்தது. 1970-களின் கடைசியில் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற பொருளியலாளர் பணத்தை முழுக்க விட்டுவிட்டு சிசு மரணம், எழுத்தறிவு, ஒரு வயதில் எஞ்சியிருக்கும் ஆயுள் ஆகிய மூன்றை மட்டும் சேர்த்து ஒரு குறியீட்டெண் செய்தார். 1990-இல் பாகிஸ்தானின் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் ஆகியோரின் முயற்சியில் மனித வளர்ச்சிக் குறியீட்டெண் வந்தது. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் இருவரின் முறையில் பல பரிமாண வறுமைக் குறியீட்டெண் வந்தது. முதல் இரண்டும் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லும். மூன்றாவதுதான் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும்.

ஒரு வீட்டைக் கணக்குப் போட்டுப் பழகுங்கள்

பத்துக் கேள்விகள். உடல்நலத்தில் இரண்டு: ஊட்டக்குறைவு உள்ளவர் உண்டா, குழந்தை இறந்ததுண்டா. கல்வியில் இரண்டு: ஆறு ஆண்டு படிப்பு முடித்தவர் ஒருவராவது உண்டா, பள்ளி வயதுப் பிள்ளைகள் பள்ளி போகிறார்களா. வாழ்க்கைத் தரத்தில் ஆறு: அடுப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, பொருட்கள். மொத்தம் 18 பங்கு என்று வைத்துக்கொண்டால் முதல் நான்கிற்கும் மும்மூன்று பங்கு, பிந்தைய ஆறிற்கும் ஒவ்வொரு பங்கு. 18-இல் 6 அல்லது அதற்கு மேல் குறை இருந்தால் அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஏழைகள் என்று கணக்கு.

நான் போன வீடு ஒன்றைச் சொல்கிறேன். அப்பத்தா, கணவனை இழந்த மருமகள், ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, மூன்றாம் வகுப்புப் பேரன். ஓட்டு வீடு, சாணி மெழுகிய தரை. கழிப்பறை இல்லை. வாசலில் குழாய் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. முன்பு அரசாங்கம் கொடுத்த டி.வி. ஓடுகிறது, ஒரு செல்போனும் உண்டு. மருமகள் நாலாவதோடு நிறுத்தியவர். மூலையில் ஒரு கேஸ் சிலிண்டர் நிற்கிறது, அதன்மேல் மடித்த சேலைகள்.

‘கேஸ் இருக்கா?’ என்று நான் கேட்டிருந்தால் ‘இருக்கு’ என்பதுதான் பதில். என்னோடு வந்த மூத்த பணியாளர் அக்கா அப்படிக் கேட்கவில்லை.

“அப்பத்தா, இன்னைக்குச் சோறு எதுல பொங்குனீங்க?”

“விறகடுப்புலதான் தாயி. சிலிண்டரு தீந்து போச்சு. மாத்தக் காசு வேணும்ல? யாராச்சும் விருந்தாளி வந்தா காப்பி போட்டுக்குவோம்னு வச்சிருந்தது.”

பட்டியலில் அந்த வீட்டு எரிபொருள் விறகு என்று போனது. கணக்கும் ‘முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்’ என்றுதான் கேட்கிறது, எது வைத்திருக்கிறீர்கள் என்று இல்லை. கழிப்பறைக்கும் இதே கதைதான். கட்டிய கழிப்பறைக்குள் விறகும் ஆட்டுக்குட்டியும் இருக்கும். ‘இருக்கா’ என்ற கேள்வியை உங்கள் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு ‘இன்னைக்கு’, ‘நேத்து’ என்று தொடங்கும் கேள்வியாக மாற்றுங்கள்.

சரி, கூட்டுவோம். விறகுக்கு 1, கழிப்பறைக்கு 1, தரைக்கு 1. ஆறு ஆண்டுப் படிப்பு முடித்தவர் யாரும் இல்லை, அதற்கு 3. மொத்தம் 6. சரியாக எல்லையில் நிற்கிறது. உலகக் கணக்கில் இது ஏழை வீடு.

இப்போது இதே வீட்டை மத்திய அரசின் நிதி ஆயோக் வைத்திருக்கும் தேசியக் கணக்கில் போடுங்கள். அங்கே குறிகாட்டிகள் 12. தாய்நலமும் வங்கிக் கணக்கும் கூடுதல். வாழ்க்கைத் தரத்துக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான்; அதை ஏழாகப் பிரிப்பதால் ஒவ்வொன்றின் பங்கும் 21-இல் ஒன்றாகச் சுருங்கும். மருமகளுக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆக, விறகு, கழிப்பறை, தரை மூன்றும் சேர்ந்து 0.14. படிப்புக்கு 0.17. மொத்தம் 0.31. எல்லை 0.33. இந்தக் கணக்கில் அதே வீடு ஏழை வீடு இல்லை!

இரண்டு கணக்கும் பிழையில்லாதவை. அந்த வீட்டில் விறகுப் புகை இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். அடுத்த ஜூனில் பேத்தி ஏழாம் வகுப்புக்குப் போனாள். ஆறு ஆண்டுப் படிப்பு முடித்தவள் என்று ஆனதும் உலகக் கணக்கிலும் வீடு 6-லிருந்து 3-க்கு இறங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளை பள்ளியில் நிலைத்தது உண்மையான மாற்றம், அதற்கு அந்த மதிப்பு தகும். ஆனால் தரையும் அடுப்பும் அப்படியே இருந்தன. அதனால்தான் சொல்கிறேன், ஏழை, ஏழை இல்லை என்ற ஒற்றை முடிவை மட்டும் எழுதி வைக்காதீர்கள். எந்தெந்தக் கட்டத்தில் குறை என்ற பத்து விடைகளையும் வைத்திருங்கள். உதவி போக வேண்டிய வழி அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது.

எதை அளப்பது என்று தேர்ந்தெடுங்கள், கொஞ்சமாக

புதிதாக வருகிறவர்கள் நாற்பது பக்கப் படிவம் கொண்டுவருவார்கள். மூன்றாவது வீட்டிலேயே கை ஓய்ந்துவிடும். பதிலும் ஓய்ந்துவிடும். உங்கள் திட்டம் எதை மாற்ற முடியுமோ அதற்கு நேராக ஆறேழு குறிகாட்டிகள் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது செய்த வேலையைச் சொல்கிறதா, விளைந்த பலனைச் சொல்கிறதா என்பது. ‘120 கழிப்பறை கட்டினோம்’ என்பது வேலை. ‘விடியக்காலையில் ஓடைப் பக்கம் போகிற பெண்கள் இப்போது எத்தனை பேர்’ என்பது பலன். வேலையின் எண்ணிக்கை எளிதாகக் கிடைக்கும், போட்டோவோடு. பலனுக்கு நடக்க வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு காலத்தில் மாறும் என்பது. குழந்தைகள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். வயதுக்கேற்ற உயரம் இல்லாதது வளர்ச்சிக்குன்றல். அது கருவிலிருந்து சேர்ந்துவரும் குறை. உங்கள் ஒரு வருடத் திட்டத்தில் அது மாறிவிடும் என்று நிதி கொடுப்பவரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதது அண்மையில் வந்த மெலிவு. பேதி, காய்ச்சல், வீட்டில் வேலை நின்றுபோனது எல்லாம் சில வாரங்களில் அதில் தெரியும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது மேற்கையின் நடுவில் நாடா சுற்றிப் பாருங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய பிள்ளை. படிவத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அந்த வேலையைப் பாருங்கள். 11.5-க்கும் 12.5-க்கும் நடுவே இருந்தால் மஞ்சள். அங்கன்வாடி அக்காவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, தமிழ்நாட்டின் நல்ல பெயருக்குள் மறைந்துகிடப்பதைத் தேடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வை வைத்து நிதி ஆயோக் போட்ட கணக்கில் பல பரிமாண வறுமை இந்தியாவில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். பெருமைப்பட வேண்டியதுதான். 1982-இல் தொடங்கிய சத்துணவும், ரேஷன் அரிசியும், கிராமச் செவிலியரும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அதே ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு பிள்ளைக்கு வளர்ச்சிக்குன்றல். 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை. வறுமை 2 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இங்கே செய்ய வேலையே இல்லை என்று தோன்றும். ரத்தசோகை எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு தெருவிலும் வேலை இருக்கிறது.

பணத்தால் சொல்ல முடியாததை ஒரு எண் சொன்னதற்கு உசிலம்பட்டியைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1980-களின் நடுவில் பெண்சிசுக் கொலை பற்றிய செய்திகளால் அந்தப் பக்கத்தை உலகமே திரும்பிப் பார்த்தது. வயலும் கிணறும் உள்ள குடும்பங்களிலும் அது நடந்தது. ஏழைகளை எண்ணுகிற எந்தக் கணக்கிலும் அது விழுந்திருக்காது. ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு எத்தனை பெண்பிள்ளைகள் என்ற விகிதத்தில்தான் தெரியும். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994-இல் கருவில் பாலினம் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. இரண்டுக்கும் பின்னால் இந்த விகிதம் எழுப்பிய கேள்வி இருக்கிறது.

அதே ஊர் இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. கேமராவோடு வந்தவர்கள் போய்விட்டார்கள், ஊருக்குப் பெயர் தங்கிவிட்டது. வெளியூரில் வேலைக்குப் போன பெண்கள் ‘உசிலம்பட்டியா?’ என்று கேட்டு முகம் மாறுகிறவர்களைப் பல வருடம் சந்தித்திருக்கிறார்கள். ஒரு குறிகாட்டியை எழுதும்போது அது ஒரு ஊர்மேல், ஒரு சாதிமேல் குத்துகிற முத்திரையாகப் போய்விடுமா என்று யோசியுங்கள். போகும் என்று பட்டால் அதை வெளியே சொல்லும் விதத்தை மாற்றுங்கள்.

வீடுகளைப் பட்டியலிடுங்கள், இதில் அவசரப்படாதீர்கள்

என் பார்வையில் மொத்த வேலையிலும் பெரிய பிழை நடக்கும் இடம் இதுதான். குறிகாட்டி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், பட்டியலில் இல்லாத வீட்டை அது அளக்காது. பட்டியலிலிருந்து நழுவுவது எப்போதும் கடைசி ஏழையின் வீடுதான்.

என் முதல் கணக்கெடுப்பில் நாங்கள் மின் இணைப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். சுத்தமான பட்டியல், வரிசை எண்ணோடு. மூன்று நாளில் முடித்துவிட்டோம். நான்காம் நாள் கண்மாய்க்கரை வழியே குறுக்காக நடந்து வந்தபோது கருவேலங்காட்டுக்குள் மூன்று குடிசைகள். மின்சாரம் இல்லை, அதனால் எங்கள் பட்டியலிலும் இல்லை. மின்சாரம் இல்லாத வீட்டைத் தேடிப் போனவர்கள், மின்சாரம் உள்ள வீடுகளின் பட்டியலை வைத்துத் தேடியிருக்கிறோம். ஒரு குடிசையில் இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு மேற்கை நாடா மஞ்சளில் நின்றது. அந்த ஊரில் எடுத்த எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஊர் மந்தையில் காலை ஏழு மணிக்கு முன்பே நாலு பெண்களையும் இரண்டு பெரியவர்களையும் உட்காரவைத்து, தரையில் கோலமாவால் ஊர் வரைபடம் போடச் சொல்வேன். கோயில், கண்மாய், பள்ளி, ரேஷன் கடை, பிறகு தெருக்கள், பிறகு வீடுகள். வரைந்து முடித்ததும் ஒரே கேள்வி: “இந்தக் கோட்டுக்கு வெளிய யாராச்சும் குடியிருக்காங்களா?” செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்கள், கிடை போட வந்தவர்கள், தோட்டத்து மோட்டார் ரூமில் இருப்பவர்கள் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். காலனித் தெருவுக்கு வரைபடத்தைத் தனியாக அங்கேயே போய்ப் போடுங்கள். மந்தையில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

புது வாழ்வுத் திட்டக் காலத்திலிருந்து நம் ஊராட்சிகளில் ‘மக்கள் நிலை ஆய்வு’ என்ற வழக்கம் இருக்கிறது. மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று ஊராரே வீடுகளைப் பிரிப்பார்கள். அந்தப் பட்டியல் கிடைத்தால் உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். எங்கே இரண்டும் முரண்படுகிறதோ அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள். ஊர் சொல்வதும் பிழையாகலாம். ஊரோடு பகையாகிப்போன வீடு ‘வசதி’ என்று விழுந்திருக்கும்.

கேட்கும் முறை

காலை எட்டு மணிக்கு மேல் களையெடுப்புக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் ஆறுக்குப் பிறகு போங்கள், அடுப்பு எரிகிற நேரம். என்ன பொங்குகிறார்கள் என்பது கேட்காமலே தெரியும். முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “இது ஏதோ பணம் வர்ற லிஸ்ட் இல்லம்மா. சொல்ல இஷ்டம் இல்லைன்னா சொல்ல வேண்டாம்.” மகளிர் உரிமைத் தொகை மாதிரித் திட்டங்களில் நிலம் எவ்வளவு, மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேலா என்றெல்லாம் பார்த்ததை மக்கள் மறக்கவில்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஏதோ ஒன்றை வெட்டத்தான் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது.

பசியைப் பற்றி நேராகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டதுண்டா என்று தொடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுண்டா என்பதுவரை படிப்படியாக இறங்கும். அதைப் பயன்படுத்துங்கள், நம் ஊர்ப் பேச்சில். நான் கூடுதலாகக் கேட்பது இரண்டு: “ரேஷன் அரிசி மாசத்துல எத்தனாந்தேதி தீரும்?” “கடைசியா யாருகிட்ட கடன் வாங்குனீங்க, எதுக்கு?” பன்னிரண்டாம் தேதி என்று ஒரு அத்தை சொன்னால், மீதிப் பதினெட்டு நாள் என்னவென்று அவரே தொடர்ந்து சொல்வார். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

எண்ணிக்கை, ஆழம் இரண்டையும் போடுங்கள்

ஊரில் எத்தனை சதவீதம் பேர் ஏழைகள் என்பது எண்ணிக்கை. அவர்கள் சராசரியாக 18-இல் எத்தனை பங்கு குறையோடு இருக்கிறார்கள் என்பது ஆழம். இரண்டையும் பெருக்கினால்தான் குறியீட்டெண் கிடைக்கும். இது ஏன் முக்கியம் என்றால், எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்த திட்டம் 6-இல் நிற்கும் வீட்டைத்தான் தேடும். ஒரு தரையைப் பூசிக் கொடுத்தால் அந்த வீடு கோட்டைத் தாண்டிவிடும், அறிக்கையில் வறுமை குறையும். 13-இல் கிடக்கும் கண்மாய்க்கரைக் குடிசைக்கு எவ்வளவு செய்தாலும் கோடு தாண்டாது, அதனால் யாரும் அங்கே போக மாட்டார்கள். ஆழத்தையும் கணக்கில் சேர்த்தால் 13-லிருந்து 9-க்கு வந்ததும் தெரியும், அந்த உழைப்புக்கும் பெயர் கிடைக்கும்.

இதே காரணத்தால்தான் எடை போடுகிறவரையும் பலனுக்குப் பொறுப்பானவரையும் ஒரே ஆளாக வைக்கும்போது கவனம் தேவை. சிவப்பில் பிள்ளை இருந்தால் மேலிடத்தில் திட்டு விழும் என்றால் சிவப்பு குறைந்துகொண்டே போகும், நோட்டில். சிவப்பைக் கண்டுபிடித்துச் சொன்னதற்குப் பாராட்டு என்று மாற்றிப் பாருங்கள்.

உங்கள் ஊரின் 80 வீட்டுக் கணக்கைக் குடும்பநல ஆய்வின் மாவட்டச் சதவீதத்தோடு ஒப்பிட்டு ‘நாங்கள் நான்கு சதவீதம் மேல்’ என்று எழுதாதீர்கள். 80 வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முப்பது இருப்பார்கள். ஒரு பிள்ளை மாறினாலே மூன்று சதவீதம் மாறிவிடும். சிறிய ஊரில் சதவீதத்தைவிடப் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்வதுதான் நேர்மை.

எண்ணை வைத்து முடிவெடுங்கள்

முதலில் யாருக்கு, எது முதலில், எப்போது நிறுத்துவது. இந்த மூன்றுக்கும் விடை தராத எண்ணை எடுக்க வேண்டாம்.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-இல் கடைக்கோடி ஏழைகளுக்கென்று ஒரு முறையைத் தொடங்கியது. ஊரார் பிரித்த பட்டியலிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆடோ மாடோ கொடுப்பார்கள். அதை விற்றுச் சாப்பிட்டுவிடாமல் இருக்கக் கொஞ்ச காலம் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், வாரம்தோறும் வீட்டுக்கு வரும் ஒருவர், சேமிப்பு. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் சாப்பாடும் சொத்தும் கூடியே இருந்தன. பக்கத்து வீட்டுக் கேரளம் 2021-இல் தொடங்கி உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கை வைத்து 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் போட்டார்கள். ஒருவருக்கு ரேஷன் கார்டு, இன்னொருவருக்கு டயாலிசிஸுக்குப் போக வண்டி என்கிற மாதிரி. 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைப் பற்றி விவாதம் இருக்கிறது. ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டு வீட்டு எண்ணோடு பட்டியல் வைத்தது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை.

நம் கையில் இருக்கும் கதவுகள் குறைவில்லை. எடை ஏறாத பிள்ளைக்கு அங்கன்வாடி. கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. அரிசி பன்னிரண்டாம் தேதி தீருகிற வீட்டுக்கு 35 கிலோ அரிசி கிடைக்கும் அந்தியோதயா கார்டு உண்டா என்று பார்ப்பது. பசியோடு பள்ளி போகிற பிள்ளைக்கு 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில்தான் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம். எதுவும் நகரவில்லையா, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு. மனுவில் ‘மிகவும் கஷ்டப்படுகிறார்’ என்று எழுதுவதைவிட ‘இரண்டு வயதுக் குழந்தை, மேற்கைச் சுற்றளவு 11.8 செ.மீ., கடந்த மூன்று மாதமாக எடை ஏறவில்லை’ என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

அப்புறம், ஊருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் வாசியுங்கள். பெயரும் விவரமும் அந்தந்த வீட்டுத் திண்ணையில் மட்டும். நான் ஒரு சபையில் “முப்பத்தொரு பிள்ளைகள்ல ஏழு பேருக்கு எடை பத்தல” என்று வாசித்தபோது, பின்னால் நின்றிருந்த ஒரு அண்ணன், அங்கன்வாடிக் கட்டடத்தின் கூரை ஒழுகி இரண்டு மாதமாகப் பிள்ளைகளே போகவில்லை என்றார். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை. மறு கணக்கெடுப்பை அடுத்த ஆண்டு அதே மாதத்தில் வையுங்கள். தை அறுவடையில் போனால் எல்லா வீட்டிலும் நெல் வாசனை இருக்கும். ஆடியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும்போது போனால் அதே வீட்டில் ஒருவேளைச் சோறு இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் மாறியது வறுமையா பருவமா என்று தெரியாது. நான் ஆடியில்தான் போகிறேன்.